பென்ரின் கோட்டையின் கணக்குப் புத்தகம்

பழைய அரண்மனைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அங்கே என்ன காட்டுகிறார்கள்? தர்பார் மண்டபம், பட்டுத் திரைச்சீலை, ராணி படுத்த கட்டில், ராஜா சுட்ட புலியின் தலை. வழிகாட்டி வாய் ஓயாமல் பேசுவார். ஆனால் கணக்கப்பிள்ளை உட்கார்ந்து எழுதிய அறைக்கு யாரையும் அழைத்துப் போவதில்லை. மாளிகை எந்தப் பணத்தில் எழும்பியது என்ற சங்கதி அந்த அறையில்தான் இருக்கிறது.

பிரிட்டனின் மேற்கே வேல்ஸ் நாடு. அதன் வடகரையில் பாங்கர் என்ற ஊருக்கு அருகே பென்ரின் கோட்டை நிற்கிறது. பார்த்தால் ஆயிரம் ஆண்டுப் பழமை உடையது போலத் தோன்றும். அது வேஷம். 1820-ஆம் ஆண்டுவாக்கில் தொடங்கி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கட்டிய பங்களா அது. பரம்பரைப் பெருமை குறைவாக இருந்த சீமான், பழங்காலக் கோட்டை மாதிரி கட்டித் தரும்படி தாமஸ் ஹாப்பர் என்ற கட்டிடக் கலைஞரிடம் கேட்டுக் கட்டிக்கொண்டார். உள்ளே சிலேட்டுக் கல்லில் குடைந்த கட்டில் ஒன்று இருக்கிறது. எடை ஒரு டன். விக்டோரியா ராணி 1859-இல் வந்தபோது அவருக்காகச் செய்தது என்றும், கல்லறை மாதிரி இருக்கிறது என்று அவர் அதில் படுக்க மறுத்தார் என்றும் சொல்வார்கள். 1951-இல் வாரிசு வரிக்கு ஈடாகச் சர்க்காரிடம் போய், அங்கிருந்து ‘நேஷனல் டிரஸ்ட்’ என்ற அறநிறுவனத்தின் கைக்கு வந்த கோட்டை அது. இப்போது டிக்கெட் வாங்கி யாரும் உள்ளே போகலாம்.

கோட்டை எப்படி வந்தது என்று கேட்டால், சிலேட்டால் வந்தது என்றே வெகு காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதில் பாதி உண்மை. சில மைல் தொலைவில் பெத்தெஸ்டா என்ற ஊரில் பென்ரின் பிரபுக்களின் கல்குவாரி இருக்கிறது. நம் பிள்ளைகள் ஒரு காலத்தில் அரிச்சுவடி எழுதிய பலகைக் கல் இருக்கிறதே, அந்த இனத்துக் கல்தான். அங்கே அதை மெல்லிய தகடுகளாகப் பிளந்து வீட்டுக் கூரைக்கு வேய்வார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் உலகிலேயே பெரிய சிலேட்டுக் குவாரி அது. பிரிட்டனின் ஆலை நகரங்களில் தொழிலாளர் குடியிருப்புகளுக்கு மேலே கவிந்த கறுப்புக் கூரைகள் பலவும் வடவேல்ஸின் மலைகளை உடைத்துக் கொண்டுவந்தவை.

சரி, மலையை உடைக்க முதல் பணம் எங்கிருந்து வந்தது? சாலை போட்டார்கள், துறைமுகம் கட்டினார்கள், 1801-இல் குதிரை இழுக்கும் தண்டவாளமே போட்டார்கள். சும்மா கிடைத்த பணமா அது?

பதில் பாங்கர் பல்கலைக்கழகத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பென்ரின் குடும்பத்தின் பழைய தஸ்தாவேஜுகள் பல பத்தாண்டுகளாகவே அங்கே இருக்கின்றன. வேல்ஸ் நிலங்களின் குத்தகைக் கணக்குகளோடு கூட, நாலாயிரம் மைலுக்கு அப்பால் கடல் கடந்த ஒரு தீவின் கணக்குகளும் அதே குடும்பத்தின் கட்டுகளில் இருக்கின்றன. அந்தத் தீவு ஜமைக்கா.

1655-இல் கிராம்வெல்லின் படை ஸ்பெயின்காரர்களிடமிருந்து ஜமைக்காவைப் பிடித்தது. அதன் பின்னால் அங்கே போய் நிலம் சேர்த்தவர் கிஃபர்டு பென்னன்ட். கிளாரண்டன் என்ற பகுதியில் கரும்புத் தோட்டங்கள் எழுந்தன. தோட்டத்தில் வெட்டியவர்கள், ஆலையில் சாறு பிழிந்தவர்கள், கொதிக்கும் கொப்பரையருகே இரவெல்லாம் நின்றவர்கள் அனைவரும் ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியில் கட்டிக் கொண்டுவரப்பட்ட அடிமைகள். தலைமுறைகள் மாறின. குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பி, லிவர்பூல் வர்த்தகர்களாகி, பிறகு சீமான்களாயிற்று. ரிச்சர்டு பென்னன்ட் என்பவர் 1765-இல் பென்ரின் எஸ்டேட்டின் வாரிசுப் பெண்ணை மணந்தார். 1783-இல் பென்ரின் பிரபு என்ற பட்டம் பெற்றார். மலைச்சரிவில் சிறு சிறு குத்தகைக்காரர்களாகக் கல் உடைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தவர்களின் குத்தகைகளை 1782-இல் விலக்கி, குவாரி முழுவதையும் தன் நேர் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். ஜமைக்கா கரும்பு, வேல்ஸ் மலைக்குள் இப்படித்தான் புகுந்தது.

ரிச்சர்டு பிரபு ஒருநாள்கூட ஜமைக்காவில் கால் வைத்ததில்லை. காரியஸ்தர்களுக்குக் கடிதம் எழுதியே தோட்டங்களை நடத்தினார். அந்தக் கடிதங்கள் இருக்கின்றன. கரும்பு விளைச்சல் எப்படி, சர்க்கரை எத்தனை பீப்பாய், ரம் சாராயம் எவ்வளவு, கோவேறு கழுதைகள் போதுமா, அடிமைகள் எத்தனை பேர் என்று எல்லாம் கேட்கிறார். ஒரு கடிதத்தில் மாடுகளையும் அடிமைகளையும் அளவுக்கு மீறி வேலை வாங்க வேண்டாம் என்று எழுதுகிறார். ஆகா, எவ்வளவு இளகிய மனம் என்று நினைக்கிறீர்களா? மாடும் மனிதனும் ஒரே வாக்கியத்தில், ஒரே மூச்சில் வருகிறார்கள் பாருங்கள். இரண்டும் அவருக்கு முதல். தேய்ந்தால் நஷ்டம்.

அந்தக் கடிதங்களில் கூச்சம் எதுவும் இல்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். பூட்டிய பெட்டியில் ரகசியமாக ஒளித்து வைத்த கடிதங்களல்ல அவை. ஒழுங்காக நகலெடுத்து, தேதியிட்டு, கட்டிவைத்தவை. குற்றம் என்று நினைத்திருந்தால் எரித்திருக்கமாட்டாரா? சொத்து என்று நினைத்ததால் காப்பாற்றி வைத்தார். மறைப்பு பிற்பாடு வந்தது. கணக்குகள் காப்பகத்தில் தூங்க, கோட்டைக்கு வருகிறவர்களுக்கு அலமாரியையும் ஓவியத்தையும் பற்றியே வகுப்பு நடந்தது.

பிரபு வீட்டில் உட்கார்ந்து கடிதம் மட்டும் எழுதவில்லை. லிவர்பூல் நகரத்தின் பார்லிமெண்டு மெம்பர் அவர். அப்போது பிரிட்டனில் அடிமை வியாபாரத்துக்குத் தலைநகர் அந்த நகரம். மேற்கிந்தியத் தோட்ட முதலாளிகளின் சங்கத்துக்கும் அவரே தலைவர். அடிமை வியாபாரத்தை ஒழிக்க வேண்டும் என்று 1789-இல் வில்பர்ஃபோர்ஸ் பார்லிமெண்டில் பேசியபோது, எதிர்த்து எழுந்தவர்களில் முன்னணியில் நின்றவர் பென்ரின் பிரபு. ஒழித்தால் 7 கோடி பவுன் சொத்து நாசமாகும், காலனிகள் அழியும், கப்பற்படைக்கு மாலுமிகள் கிடைக்கமாட்டார்கள் என்று வாதாடினார். தங்கள் லாபத்துக்கு ஆபத்து வரும்போதெல்லாம் நாட்டுக்கே ஆபத்து என்று கூவும் வழக்கம் நேற்று முளைத்ததல்ல. 1807-இல் வியாபாரத்தைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. 1808-இல் அவர் இறந்தார். தோட்டங்களும் அடிமைகளும் சிலேட்டு மலையும் ஜார்ஜ் ஹே டாக்கின்ஸ் என்ற உறவினருக்குப் போயின. அவர் தம் பெயரோடு பென்னன்ட் என்பதையும் சேர்த்துக்கொண்டார். கோட்டை கட்டியவர் இவரே.

பஞ்சாலைத் தோழர்களுக்கு இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கரீபியன் தோட்டங்களில் அடிமைகள் உடுத்திய முரட்டுக் கம்பளித் துணியில் பெரும்பங்கு வேல்ஸின் மலைக் கிராமங்களில் நெய்யப்பட்டது. ‘வெல்ஷ் பிளெயின்ஸ்’ என்று அதற்குப் பெயர். விவசாயம் கட்டுப்படியாகாத ஏழைக் குடும்பங்கள் வீட்டிலேயே நூற்று, வீட்டிலேயே நெய்து, ஷ்ரூஸ்பரி வியாபாரிகளுக்கு மலிவு விலையில் விற்றன. நம் கரையும் இதில் சிக்கியிருந்தது. சோழமண்டலக் கரையில் நெய்து நீலம் தோய்த்த துணிகள் ‘கினித் துணி’ என்ற பெயரில் ஐரோப்பியக் கப்பல்களில் ஏறி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போயின. அங்கே மனிதர்களை வாங்குவதற்குக் கொடுத்த சரக்குகளில் அவையும் இருந்தன. நெய்தவனுக்கு அது எங்கே போகிறது என்று தெரியாது. தெரிந்தவன் கப்பல் கணக்கு எழுதியவன்.

இனி நஷ்டஈட்டுக் கணக்குக்கு வருவோம்.

1833-இல் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் நிறைவேறியது. 1834 ஆகஸ்டு முதல் தேதி அமலுக்கு வந்தது. ஏறத்தாழ எட்டு லட்சம் பேருக்கு விடுதலை. சர்க்கார் 2 கோடி பவுன் நஷ்டஈடு ஒதுக்கியது. அந்நாளில் பிரிட்டிஷ் சர்க்காரின் ஓராண்டுச் செலவில் ஐந்தில் இரண்டு பங்கு அது. யாருக்கு நஷ்டஈடு? சவுக்கடி பட்டவனுக்கா? பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கா? இல்லை. அடிமைகளை வைத்திருந்த எஜமானர்களுக்கு! ஜார்ஜ் ஹே டாக்கின்ஸ்-பென்னன்ட் 764 அடிமைகளுக்காக வாங்கிய தொகை 14,683 பவுன் 17 ஷில்லிங் 2 பென்ஸ். தலைக்குச் சுமார் 19 பவுன். அந்த 2 பென்ஸைக்கூட விடாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த 764 பேருக்கும் ஒரு பென்ஸ்கூடக் கிடையாது.

கிடையாது என்பது மட்டுமா? சட்டம் அவர்களை உடனே போகவும் விடவில்லை. ‘பயிற்சிக் காலம்’ என்று அழகான பெயர் சூட்டி, வாரத்துக்கு 45 மணி நேரம் வரை கூலியில்லாமல் பழைய எஜமானனுக்கே உழைக்க வைத்தது. பிறந்தது முதல் கரும்பு வெட்டியவனுக்குக் கரும்பு வெட்டப் பயிற்சியாம்! 1838-இல்தான் அந்த மோசடி முடிந்தது. அப்புறம் தோட்ட முதலாளிகள் மலிவுக் கைகளைத் தேடி இந்தியாவின் பக்கம் திரும்பினார்கள். 1845-இல் முதல் கூலிக் கப்பல் கல்கத்தாவிலிருந்து ஜமைக்கா போய்ச் சேர்ந்தது. கரீபியன் தோட்டங்களுக்குச் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் போயின. ஒப்பந்தக் கூலி என்றார்கள். ஒப்பந்தத்தை மீறினால் சிறை.

நஷ்டஈட்டுக்காக வாங்கிய கடனை பிரிட்டிஷ் சர்க்கார் 2015-இல்தான் முழுக்கத் தீர்த்ததாக அந்நாட்டுக் கஜானாவே 2018-இல் அறிவித்தது. அதாவது, பிரிட்டனில் வரி கட்டிய தொழிலாளிகள், அவர்களில் ஜமைக்காவிலிருந்து பிழைக்க வந்த அடிமைகளின் பேரப்பிள்ளைகள் உட்பட, எஜமானர்களுக்குக் கொடுத்த நஷ்டஈட்டுக் கடனை நம் காலம் வரை அடைத்துக்கொண்டிருந்தார்கள்.

பணத்தோடு ஒரு பழக்கமும் பென்ரின் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஆட்களைச் சொத்தாக நினைக்கும் பழக்கம்.

குவாரித் தொழிலாளிகள் அடிமைகள் அல்ல. இரண்டையும் ஒன்றாகப் பேசுவது ஜமைக்காவில் செத்தவர்களுக்கு அநியாயம். குவாரியில் வேலை நடந்த விதம் வேறு. நாலைந்து பேர் சேர்ந்து பாறைமுகத்தில் ஆறு கஜ அகலத்துக்கு ஒரு ‘பேரம்’ எடுப்பார்கள். மாதாமாதம் மேஸ்திரி வந்து ரேட் பேசுவார். கல் நல்லதானால் ரேட் குறையும், கெட்டதானால் கூடும். கயிற்றில் தொங்கியபடி துளை போட்டு வெடி வைத்து, பெரும் பாளங்களை இறக்கி, கொட்டகையில் உட்கார்ந்து உளியால் இதழ் இதழாகப் பிளப்பார்கள். அது கைத்திறமை. ஆகவே அவர்களுக்குச் சுயமரியாதை இருந்தது; தங்கள் பாறையைத் தாங்களே நிர்வகிப்பதாகக் கருதினார்கள். பிரபுவுக்குக் கண்ணில் குத்தியது அதுவே. ஆங்கிலம் பேசும் பிரபு, வேல்ஷ் மொழி பேசும் தொழிலாளி. கோயிலும் வேறு, ஓட்டும் வேறு. 1874-இல் வடவேல்ஸ் குவாரித் தொழிலாளர் சங்கம் பிறந்தது.

கொட்டகையில் கல் தூசி மேகம் மாதிரி நிற்கும். நுரையீரலில் படிந்து மனிதன் நாற்பது வயதிலேயே இளைத்து மூச்சுத் திணறுவான். குவாரி முதலாளிகளின் சம்பளத்தில் இருந்த டாக்டர்கள் என்ன கண்டுபிடித்தார்கள் தெரியுமா? தூசியால் கெடுதல் இல்லை, தொழிலாளிகள் தேநீரைக் கொதிக்கக் கொதிக்க வைத்துக் குடிப்பதே நோய்க்குக் காரணம் என்றார்கள்! பருத்திப் பஞ்சின் தூசியை விழுங்கி இருமும் தோழர்களுக்கு இந்த மாதிரி வைத்தியம் புதிதாக இராது. சிலேட்டுத் தூசி நோய்க்கு நஷ்டஈடு தரும் தனிச் சட்டம் 1979-இல்தான் வந்தது. அடிமை வைத்திருந்தவனுக்கு நஷ்டஈடு 1830-களிலேயே கிடைத்துவிட்டது.

1886-இல் ஜார்ஜ் ஷோல்டோ என்ற இரண்டாம் பென்ரின் பிரபு எஸ்டேட்டுக்கு வந்தார். சங்கம் என்ற சொல்லே அவருக்கு ஆகாது. என் குவாரி, என் சொத்து, நடுவில் வேறொருவர் பேச வரக்கூடாது என்பது அவர் கொள்கை. 1896-97-இல் பதினோரு மாதத் தகராறு. அதைத் தொடர்ந்து 1900. ‘பேர’ முறையை உடைத்து, பாறையின் பெரும் பகுதிகளைக் கான்டிராக்டர்களுக்கு விட்டார்கள். ஆத்திரத்தில் கைகலப்பு நடந்தது. 26 பேர்மீது வழக்கு. அவர்களுக்கு ஆதரவாகப் பாங்கர் கோர்ட்டுக்கு ஊர்வலம் போன தொழிலாளிகள் அனைவரையும் பதினான்கு நாள் வேலைநீக்கம் செய்தார் பிரபு. திரும்பி வந்தபோது பல நூறு பேருக்குப் பாறை ஒதுக்கவில்லை. எங்கள் தோழர்களுக்கு வேலை இல்லையென்றால் எங்களுக்கும் வேண்டாம் என்று 1900 நவம்பர் 22 அன்று 2,800 தொழிலாளிகள் கருவிகளை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள்.

மூன்று ஆண்டு! மூன்று வாரமல்ல, மூன்று மாதமல்ல. பெத்தெஸ்டாவின் பாட்டுக் குழுக்கள் பிரிட்டன் முழுவதும் ஊர் ஊராகப் பாடி நிதி திரட்டின. ஆண்கள் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் பிழைக்கப் போனார்கள். 1901 ஜூனில் பிரபு குவாரியைத் திறந்தார். சில நூறு பேர் உள்ளே போனார்கள். உள்ளே போனவனுக்கு ஆளுக்கொரு தங்கப் பவுன் பிரபுவின் கையால் பரிசு! கருங்காலிக் காசு என்று ஊர் அதற்குப் பெயர் வைத்தது. அதற்குப் பிறகு பெத்தெஸ்டாவில் வீட்டுக்கு வீடு ஜன்னலில் ஒரு அட்டை தொங்கியது: ‘இந்த வீட்டில் துரோகி இல்லை’ என்று. அட்டை எடுக்கப்பட்ட வீடு எது என்று தெருவே பார்த்தது. அண்ணன் தம்பி பேச்சு நின்றது. பட்டாளம் வந்து ஊரில் தங்கியது. மத்தியஸ்தம் பேசலாம் என்றவர்களுக்கெல்லாம் பிரபு கதவை மூடினார். பசியும் நிதி வறட்சியும் 1903 நவம்பரில் போராட்டத்தை முறித்தன. முன்னணியில் நின்றவர்கள் பலருக்கு மறுபடி வேலை கிடைக்கவில்லை. போனவர்கள் பலர் திரும்பவுமில்லை.

பிரபுவின் நடத்தையைப் பத்திரிகையில் எழுதிய டபிள்யூ. ஜே. பாரி என்பவர்மீது அவர் மானநஷ்ட வழக்குப் போட்டார். பாரி அந்தச் சங்கத்தின் முதல் பொதுச் செயலாளர். கோர்ட்டு 500 பவுன் அபராதத் தொகையாக அவர் தலையில் கட்டியது. உண்மையைத் தேடுகிறவனுக்கு என்ன விலை என்று 1903-இலேயே சொல்லிவிட்டார்கள்.

பாரிக்கு அன்று கோட்டையின் கணக்குப் புத்தகங்கள் கிடைக்கவில்லை. இப்போது கிடைக்கின்றன. அடிமை வியாபாரத் தடையின் இருநூறாவது ஆண்டான 2007-இல் ‘சர்க்கரையும் சிலேட்டும்’ என்று கோட்டைக்குள்ளேயே ஒரு கண்காட்சி நடந்தது. லண்டன் யூனிவர்சிடி காலேஜ் ஆராய்ச்சியாளர்கள் நஷ்டஈட்டுக் கமிஷனின் பேரேடுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, யார் யார் எவ்வளவு வாங்கினார்கள் என்று 2013-இல் ஊரறியத் திறந்துவிட்டார்கள். ஊர்ப் பாதிரியார்கள், விதவைகள், பாங்கிக்காரர்கள், பிரபுக்கள் என்று ஒரு நாட்டின் மரியாதைப்பட்ட வர்க்கமே அந்தப் பட்டியலில் இருந்தது. வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிட்டது! 2020 செப்டம்பரில் நேஷனல் டிரஸ்டு தன் மாளிகைகளில் 93-க்குக் காலனி ஆட்சியோடும் அடிமை முறையோடும் தொடர்பு உண்டு என்று அறிக்கை வெளியிட்டது. அவற்றில் 29, நஷ்டஈடு வாங்கியவர்களோடு தொடர்புடையவை.

உடனே கிளம்பியது கூச்சல். கன்சர்வேடிவ் எம்.பி.க்கள் சிலர் கண்டனக் கடிதம் எழுதினார்கள். அறநிறுவனங்களைக் கண்காணிக்கும் கமிஷன் விசாரணை வைத்தது. டிரஸ்டு சட்டம் எதையும் மீறவில்லை என்று 2021 மார்ச்சில் முடிவு சொன்னது. அறிக்கை எழுதியவர்களில் ஒருவரான பேராசிரியை காரின் ஃபௌலருக்கு வசைக் கடிதங்கள் குவிந்தன. அரசியலைப் புகுத்துகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. அடிமை வைத்திருந்தது அரசியல் இல்லை, பார்லிமெண்டில் அதற்காக வாதாடியது அரசியல் இல்லை, 2 கோடி பவுன் வாங்கியது அரசியல் இல்லை. அந்தக் கணக்கைப் படித்துக் காட்டினால் மட்டும் அரசியலாகிவிடுகிறது!

கொஞ்சம் நாகரிகமாகப் பேசுகிறவர்கள் வேறொன்று சொல்கிறார்கள். காலம் அப்படி, அந்தக் காலத்து வழக்கத்தை இந்தக் காலத்து அளவுகோலால் அளக்கலாமா என்கிறார்கள். அளக்க வேண்டாம், அந்தக் காலத்து அளவுகோலையே எடுப்போம். 1788-இல் அடிமை வியாபாரத்தை ஒழிக்கக் கோரி மான்செஸ்டர் ஆலை நகரத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மனுவில் கையெழுத்திட்டார்கள். பிரபு அதற்கு மறு ஆண்டுதான் 7 கோடி பவுன் கணக்கைப் பேசினார். அவருக்குத் தெரியாதா? தெரிந்தே எதிர்த்தார். அடிமைகளிடமே கேட்போம். 1831 கிறிஸ்துமஸ் சமயம் ஜமைக்காவின் மேற்குப் பகுதியில் சாம் ஷார்ப் என்ற அடிமைப் பிரசங்கியின் தலைமையில் ஒரு வேலைநிறுத்தம் ஏற்பாடாயிற்று. கோரிக்கை ஒன்றே: பண்டிகை முடிந்தபின் கூலி கொடுத்தால்தான் கரும்பு வெட்டுவோம். அது கிளர்ச்சியாகப் பற்றி எரிந்தது. பல பத்தாயிரம் பேர் எழுந்தார்கள். 300-க்கு மேற்பட்டவர்களுக்கு மரண தண்டனை. சாம் ஷார்ப்பை 1832 மே மாதம் தூக்கிலிட்டார்கள். மறு ஆண்டு ஒழிப்புச் சட்டம் வந்தது. காலம் அப்படி என்பவர்கள் யாருடைய காலத்தைச் சொல்கிறார்கள்? தூக்கில் தொங்கியவனும் அந்தக் காலத்து மனிதன்தானே?

டிரஸ்டு செய்தது சரி. காலம் கடந்து செய்தார்கள் என்பதுதான் நம் குறை. கோட்டை அவர்கள் கைக்கு வந்தது 1951-இல். கணக்குகளோ சில மைல் தூரத்தில் பாங்கரில். அறிக்கையின் 93-இல் இன்னொன்று நம்மையும் நேராகத் தொடுவது. அதே வேல்ஸில் பவிஸ் கோட்டை இருக்கிறது. ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்டு கிளைவின் மனைவி வழியில் அந்தக் குடும்பத்தோடு சேர்ந்தது. திப்பு சுல்தானின் கூடாரமும், அவருடைய சிம்மாசனத்திலிருந்து பெயர்த்த பொற்புலித் தலை ஒன்றும் அங்கே காட்சிக்கு இருக்கின்றன. எட்வர்டு கிளைவ் 1798 முதல் 1803 வரை சென்னைக் கவர்னர். 1799-இல் கயத்தாற்றில் கட்டபொம்மனும், 1801-இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்களும் தூக்கிலிடப்பட்டது அவர் ஆட்சியில். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நிற்கிறவர்களுக்கு அந்தப் பெயர்களையும் யாராவது சொல்ல வேண்டும்.

ஜமைக்காவில் 1817 முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொரு தோட்டத்திலும் அடிமைகளைப் பதிவு செய்த பேரேடுகளும் லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பெயர், வயது, நிறம், ஆப்பிரிக்காவில் பிறந்தவரா தீவில் பிறந்தவரா, தாய் யார் என்று வரிசையாகப் பத்திகள். எஜமானனின் சொத்தைச் சரிபார்க்க எழுதிய ஏடுகள் அவை. இன்று ஜமைக்கா மக்கள் தங்கள் பாட்டன் பாட்டியைத் தேட அவற்றையே புரட்டுகிறார்கள். பென்னன்ட் குடும்பத்தின் கிளாரண்டன் தோட்டங்களில் ஒன்றுக்கு வேல்ஸ் நாட்டு ஊரின் பெயரால் டென்பி என்று பெயர். அந்தப் பெயர் இன்னும் அங்கே வழங்குகிறது. ஆண்டுதோறும் ஆகஸ்டு தொடக்கத்தில், விடுதலை நாளை ஒட்டி, தீவின் விவசாயிகள் தங்கள் விளைச்சலைக் கொண்டுவந்து வைக்கும் பெரிய கண்காட்சி டென்பியில்தான் நடக்கிறது. பெத்தெஸ்டாவிலோ, கோட்டை வாசலைத் தாண்டி உள்ளே கால் வைக்கமாட்டோம் என்று இருக்கும் குடும்பங்கள் இன்னும் உண்டு.